பரிசோதனைக்குப் போகவிடாத பயம்

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் தெரியவந்தது சென்னையில்தான். 1986-இல் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் அவருடைய மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளில் அது வெளிப்பட்டது. அப்போது கையில் மருந்து எதுவும் இல்லை. 2004 ஏப்ரலில் தாம்பரம் உள்ளிட்ட சில அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்து சிகிச்சை தொடங்கியது. இப்போது பெரும்பாலானவர்களுக்கு நாளுக்கு ஒரு மாத்திரை போதும். இத்தனை இருந்தும், ஆண்களை நேசிக்கும் ஆண்களில் பலர் பரிசோதனைக்கே வருவதில்லை. அவர்களைத் தடுப்பது அவமானம் பற்றிய பயம்.

ஒரு கேள்விக்கு இரண்டு ரகசியங்கள்

“எப்படித் தொற்றியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்?” ஆலோசகர் இயல்பாகக் கேட்கிற கேள்வி இது. பதில் சொன்னால் தொற்றோடு தன் விருப்பமும் வெளியே வந்துவிடும். வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இந்தக் கேள்வியை எதிர்கொள்வதற்கு எத்தனை துணிச்சல் வேண்டும்!

சட்டமும் நெடுங்காலம் இந்தப் பயத்துக்குத் துணை நின்றது. 2001-இல் லக்னோவில், ஆண்களிடையே எய்ட்ஸ் விழிப்புணர்வுப் பணி செய்த களப்பணியாளர்களைக் காவல்துறை, தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவில் கைது செய்தது. அவர்கள் வைத்திருந்த விழிப்புணர்வுப் பொருட்களை ஆபாசம் என்று கைப்பற்றியது. ஒரு மாதத்துக்கு மேல் அவர்கள் சிறையில் இருந்தார்கள். மனமொத்த உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2018 செப்டம்பர் 6 அன்றுதான்.

நமக்குள் இருக்கும் ஒதுக்கல்

வெளியார் ஒதுக்குவதைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். நம் வட்டத்துக்குள் நடப்பதைப் பேசத்தான் தயங்குகிறோம். டேட்டிங் செயலியில் வணக்கம் சொல்வதற்கு முன்பே “க்ளீனா?” என்ற கேள்வி வருகிறது. ‘பாசிட்டிவ்’ என்று ஒருவர் உண்மையைச் சொன்னால் அடுத்த நொடியில் பிளாக். பிறகு அவர் பெயர் நண்பர்கள் நடுவே அடிபடும். இதைப் பார்க்கிற இளைஞர் என்ன முடிவுக்கு வருவார்? பரிசோதனை செய்யாமல் இருப்பதே பாதுகாப்பு என்றுதான்.

உண்மை நேர்மாறானது. ‘நெகட்டிவ்’ என்று சொல்பவர் கடைசியாக எப்போது பரிசோதித்தார்? புதிதாகத் தொற்றிய ஒருவருக்கு, சாதாரண ஆன்டிபாடி பரிசோதனையில் அது தெரியச் சில வாரங்கள், சில சமயம் மூன்று மாதங்கள்கூட ஆகும். ரத்தத்தில் வைரஸ் மிக அதிகமாக இருப்பதும் அந்தத் தொடக்க நாட்களில்தான். தன் நிலை தெரியாதவரைத் தேடிப்போய், ஒழுங்காக மாத்திரை சாப்பிடுபவரை விலக்குவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

200-க்குக் கீழே

ஒழுங்காக மாத்திரை சாப்பிடுபவரின் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் வைரஸ் எண்ணிக்கை 200-க்குக் கீழே போய், அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாக அடுத்தவருக்குத் தொற்றாது. ‘பார்ட்னர்-2’ ஆய்வு 14 ஐரோப்பிய நாடுகளில், ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத 782 ஆண் இணையர்களைப் பின்தொடர்ந்தது. ஆணுறையின்றிச் சுமார் 76,000 முறை உறவு நிகழ்ந்தும், இணையரிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. 2019-இல் ‘லான்செட்’ இதழில் முடிவுகள் வெளியாயின. மேகநோய், வெட்டைநோய் போன்றவற்றைத் தடுக்க ஆணுறை அப்போதும் தேவைதான். ஆனால் எச்.ஐ.வி. உள்ளவரைத் தொடவே அஞ்சுவதற்கு இனி எந்தக் காரணமும் இல்லை. ஒவ்வொரு தன்பால் ஈர்ப்பு ஆணுக்கும் இந்தச் செய்தி போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

கூடவே வருகிற ஆள்

சுவரொட்டியைவிட நம்மில் ஒருவர் சொல்வதற்கு வலு அதிகம். சென்னையில் 1998 முதல் இயங்கும் ‘சகோதரன்’ போன்ற அமைப்புகளின் பலம் அதுதான். பூங்கா, கடற்கரை என்று ஆண்கள் கூடும் இடங்களுக்கே போய்ப் பழகி, நம்பிக்கை பிறந்த பின் பரிசோதனைக்குக் கூடவே அழைத்துப்போகிற களப்பணி அது. இன்று அதே பேச்சு செயலிகளிலும் நடக்க வேண்டும்.

அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம். உங்கள் சம்மதமின்றிப் பரிசோதிக்கவோ, முடிவை வெளியே சொல்லவோ 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. வேலை, வாடகை வீடு, சிகிச்சை ஆகியவற்றில் பாகுபாடு காட்டுவதும் சட்டப்படி தவறு. பாதுகாப்பற்ற உறவு நேர்ந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பாருங்கள். 28 நாள் தடுப்பு மருந்து உண்டு. ஆலோசனைக்கு 1097 என்ற இலவச எண்ணை அழைக்கலாம்.

நண்பர் ஒருவர் தனக்குத் தொற்று இருப்பதாகச் சொன்னால், எப்படி வந்தது என்று துருவாதீர்கள், வேறு யாரிடமும் சொல்லாதீர்கள். மாத்திரை ஒழுங்காகக் கிடைக்கிறதா, அடுத்த முறை மையத்துக்குத் துணைக்கு வரட்டுமா என்று கேளுங்கள்.