முகக்கவசக் கையிருப்பு: முன்கூட்டியே வாங்கி வைப்பது ஏன்?

சிங்கப்பூரில் முதல் கொவிட்-19 சம்பவம் 2020ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் தேதி உறுதிசெய்யப்பட்டது. சில நாள்களிலேயே கடைகளில் முகக்கவசம் தீர்ந்துபோனது உங்களுக்கு நினைவிருக்கும். பிப்ரவரி 1ஆம் தேதி முதல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நான்கு முகக்கவசங்கள் வழங்கப்பட்டன. “நாலே நாலுதானா?” என்று நீங்களும் கேட்டிருக்கலாம். நியாயமான கேள்விதான்.

கணக்கைப் பாருங்கள். 1.3 மில்லியன் குடும்பங்களுக்கு 5.2 மில்லியன் முகக்கவசங்கள் தேவைப்பட்டன. அப்போது இங்கு வசித்தவர்கள் சுமார் 5.7 மில்லியன் பேர். ஆளுக்கு ஒன்று வீதம் தினமும் பயன்படுத்தியிருந்தால், அத்தனையும் ஒரே நாளுக்குக்கூடப் போதாது.

அவை தேசியக் கையிருப்பிலிருந்து எடுக்கப்பட்டவை. அந்தக் கையிருப்பின் முதல் நோக்கம் மருத்துவமனைகளைக் காப்பது. 2003இல் சார்ஸ் பரவியபோது இங்கு 238 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. 33 பேர் இறந்தனர். பாதிக்கப்பட்டவர்களில் பலர் தாதியரும் மருத்துவர்களும் மற்ற மருத்துவமனை ஊழியர்களுமே. அவர்கள் படுக்கையில் விழுந்தால் உங்களைக் கவனிக்க ஆள் இருக்காது.

தேவைப்படும்போது வாங்கிக்கொள்ளலாமே என்று தோன்றலாம். கொள்ளைநோய்க் காலத்தில் எல்லா நாடுகளுக்கும் ஒரே வாரத்தில் ஒரே பொருள் தேவைப்படும். கொவிட்-19க்கு முன் உலகின் முகக்கவசங்களில் ஏறக்குறைய பாதியைச் சீனா தயாரித்தது. நோய் முதலில் பரவியதும் அங்கேதான். தைவான் 2020 ஜனவரியிலேயே முகக்கவச ஏற்றுமதியைத் தடைசெய்தது. மார்ச்சில் ஜெர்மனியும் பாதுகாப்புச் சாதனங்களின் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. அறுவை சிகிச்சை முகக்கவசத்தின் விலை ஆறு மடங்கும், என்95 முகக்கவசத்தின் விலை மூன்று மடங்கும், பாதுகாப்பு அங்கியின் விலை இரண்டு மடங்கும் ஆகிவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் மார்ச் 3ஆம் தேதி தெரிவித்தது. உற்பத்தியை உடனே பெருக்குவதும் எளிதல்ல. கிருமியைத் தடுக்கும் நடு அடுக்கைச் செய்ய, உருகிய பிளாஸ்டிக்கை மெல்லிய இழைகளாக ஊதும் தனி இயந்திரம் வேண்டும். சிங்கப்பூரும் 2020இல் உள்ளூரிலேயே முகக்கவச உற்பத்தியைத் தொடங்கியது.

அவசரமாக வாங்கினால் தரம் பார்க்க நேரம் கிடைக்காது. நெதர்லாந்து 2020 மார்ச்சில், மருத்துவமனைகளுக்குக் கொடுத்துவிட்ட சுமார் 600,000 முகக்கவசங்களைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. அவை முகத்தில் சரியாகப் பொருந்தவில்லை. வடிகட்டியும் சரியாக வேலை செய்யவில்லை.

பொருந்துவது என்பது சிறிய விஷயமல்ல. என்95 முகக்கவசம் நுண்துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டைத் தடுக்கும், ஆனால் ஓரத்தில் இடைவெளி இருந்தால் காற்று அந்த வழியாகவே போகும். அதனால் ஊழியரின் தலையை ஓர் உறையால் மூடி, உள்ளே இனிப்பு அல்லது கசப்புச் சுவையுள்ள மருந்தைத் தெளித்துச் சோதிப்பார்கள். நாக்கில் சுவை தெரிந்தால் அந்த வகை அவர் முகத்துக்கு ஆகாது. முகங்கள் பலவிதம் என்பதால் பல வகைகளையும் வாங்கி வைக்க வேண்டியுள்ளது. ஒரு வகை தீர்ந்து வேறு வகை வந்தால், மறுபடியும் சோதனைதான்.

வாங்கிப் பூட்டி வைத்தால் மட்டும் போதாது. நாளாக ஆக மீள்பட்டை தளரும், பஞ்சு உதிரும். ஆகவே பழையதை முதலில் பயன்படுத்திவிட்டு, காலியான இடத்தைப் புதியதால் நிரப்ப வேண்டும். இதற்குச் செலவாகும். நோயில்லாத ஆண்டுகளில் வீண்செலவாகக்கூடத் தெரியும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தொடக்கத்தில், உடல்நலமில்லாதவர்கள் மட்டும் முகக்கவசம் அணிந்தால் போதும் என்று உங்களிடம் சொல்லப்பட்டது. 2020 ஏப்ரல் 3ஆம் தேதி அந்த நிலைப்பாடு மாறியது. ஏப்ரல் நடுப்பகுதியில் வெளியே செல்லும் எல்லாருக்கும் முகக்கவசம் கட்டாயமானது. ஆரம்பத்தில் அவ்வளவு உறுதியாகப் பேசியிருக்க வேண்டியதில்லை என்று அரசாங்கம் 2023 மார்ச்சில் வெளியிட்ட வெள்ளை அறிக்கை ஒப்புக்கொள்கிறது.

உங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கட்டும். பத்துப் பெட்டி வேண்டாம். ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். காலாவதித் தேதியைப் பாருங்கள். காதுப் பட்டையை மெதுவாக இழுத்துப் பாருங்கள், தளர்ந்திருந்தால் வீசிவிடுங்கள். இருமலோ காய்ச்சலோ இருந்தால், மருந்தகத்துக்குப் புறப்படும்போதே அணிந்துகொள்ளுங்கள். வண்ணப் பக்கம் வெளியே இருக்க வேண்டும். மேல் ஓரத்திலுள்ள கம்பியை மூக்கின்மேல் அழுத்திவிடுங்கள்.