கோவா இலையில் ஓட்டை போட்டது யார்?

லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி. கோவா, போஞ்சி, லீக்ஸ், ஓரத்தில் கொஞ்சம் உருளைக்கிழங்கு. ஹட்டனிலோ நுவரெலியாவிலோ இப்படி ஒரு மரக்கறிப் பாத்தி உங்களுக்கும் இருக்கலாம். இலையில் ஓட்டையைக் கண்டதும் கை மருந்துப் போத்தலைத் தேடும். கொஞ்சம் பொறுங்கள். இன்ன பூச்சி என்று தெரியாமல் அடிக்கும் மருந்து, பல நேரம் பூச்சியைக் கூட்டிவிடும். அது எப்படி என்று பிறகு சொல்கிறேன். முதலில் ஆளைக் கண்டுபிடிப்போம்.

எங்கே தேடுவது? இலையின் அடிப்பக்கத்தில். காலையில் பிரட்டுக்குப் போகும் முன் பத்து இலையைத் திருப்பிப் பார்த்தால் போதும்.

கோவா இலையில் மெல்லிய வெள்ளைத் திட்டுகளும் ஓட்டைகளும் தெரிகின்றனவா? அடிப்பக்கத்தில் ஒரு சென்ரிமீற்றர் நீளப் பச்சைப் புழு இருக்கும். தொட்டால் துடிக்கும், நூல் விட்டுக் கீழே தொங்கும். அதுதான் வைரமுதுகு அந்தின் புழு (அந்து என்றால் இரவில் பறக்கும் சிறு விட்டில்). கோவா மட்டுமல்ல, நோக்கோல், முள்ளங்கி, பூக்கோவா எல்லாமே இதற்குச் சாப்பாடு. பலத்த மழை இதைக் கழுவித் தள்ளிவிடும். அதனால் ஜனவரி முதல் மார்ச் வரையிலான வெயில் நாட்களில்தான் தொல்லை அதிகம். குளிரில் இது மெதுவாக வளரும். எனவே நுவரெலியாவைவிட ஹட்டனிலும் அதற்குக் கீழே உள்ள தோட்டங்களிலும் இது வேகமாகப் பெருகும்.

நட்ட நாற்று காலையில் அடியோடு வெட்டப்பட்டுக் கிடக்கிறதா? பகலில் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். நாற்றைச் சுற்றி இரண்டு விரல் ஆழம் மண்ணைக் கிளறுங்கள். சுருண்டு கிடக்கும் கறுப்புச் சாம்பல் நிறப் புழு அகப்படும். அது வெட்டுப்புழு. எடுத்து நசுக்குங்கள். அடுத்த நாற்றை நடும்போது தண்டைச் சுற்றித் தடித்த கடதாசியை வளையமாக வைத்து, பாதி மண்ணுக்குள் இருக்கும்படி புதையுங்கள். புழுவால் தண்டை எட்ட முடியாது.

போஞ்சிக் கன்று மஞ்சளாகி வாடுகிறதா? பிடுங்கி, தண்டின் அடியைப் பாருங்கள். வீங்கி வெடித்திருந்தால் உள்ளே போஞ்சி ஈயின் புழு இருக்கிறது. வாடிய கன்றை அங்கேயே போடாமல் எரித்துவிடுங்கள். மற்றக் கன்றுகளின் அடியில் மண் அணைத்துவிட்டால், மேலே புது வேர் விட்டுப் பல தப்பிவிடும்.

உருளைக்கிழங்கு இலையில் வெள்ளைக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடுகின்றனவா? இலைச்சுரங்க ஈயின் புழு இலைக்குள்ளேயே தின்றுகொண்டு போகும் பாதை அது. அடி இலைகளில்தான் முதலில் வரும். அவற்றைக் கிள்ளிப் புதையுங்கள். ஆனால் இலையில் கறுத்த ஈரத் திட்டும் அடியில் வெள்ளைப் பூஞ்சையும் இருந்தால் அது பூச்சியே இல்லை, வெளிறல் நோய். அதற்குப் பூச்சி மருந்து அடிப்பது வீண்செலவு.

சரி, மருந்து அடித்தால் பூச்சி எப்படிக் கூடும்? இதற்குச் சாட்சி நம் தேயிலை மலையிலேயே இருக்கிறது. கொழுந்தைச் சுருட்டித் தின்னும் சுருட்டுப்புழு ஒரு காலத்தில் இலங்கைத் தேயிலையைப் படாத பாடு படுத்தியது. 1935, 36இல் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது அந்தப் புழுவுக்குள் முட்டையிடும். குளவிக் குஞ்சுகள் உள்ளிருந்தே புழுவைத் தின்று தீர்த்தன. சுருட்டுப்புழு அடங்கியது. பிறகு 1950களில், தேயிலைக் கிளையில் துளை போடும் வண்டைக் கொல்ல டீல்ட்ரின் என்ற மருந்தை அடித்தார்கள். அது இந்தக் குளவியையும் கொன்றது. அடித்த இடங்களில் சுருட்டுப்புழு மறுபடி பெருகியது.

உங்கள் பாத்தியில் நடப்பதும் இதுதான். மருந்து நல்ல பூச்சியை முதலில் கொல்கிறது. கெட்டது தப்பிப் பிழைத்து, நாளடைவில் அந்த மருந்துக்கே பழகிவிடுகிறது. வைரமுதுகு அந்து டிடிடி மருந்துக்கு மசியாமல் போனதை 1950களின் தொடக்கத்திலேயே ஜாவாவில் கண்டார்கள். அதற்குப் பின் எத்தனையோ மருந்துகளை அது வென்றுவிட்டது.

நல்ல பூச்சியை எப்படி அடையாளம் காண்பது? சிவப்பில் கறுப்புப் புள்ளி போட்ட பொறிவண்டும் அதன் முதலைபோன்ற கறுத்த குஞ்சும் அழுக்கணவனை (கொழுந்தில் கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சும் பூச்சியை) தின்பவை. அழுக்கணவன் கூட்டத்தில் சில உப்பி, பழுப்பாகி, அசையாமல் இருந்தால் அவற்றுக்குள் குளவிக் குஞ்சு இருக்கிறது. கோவா இலையில் பஞ்சு மாதிரி, உள்ளே எதுவும் தெரியாத சிறு கூடு இருந்தால் அதுவும் பெரும்பாலும் குளவியுடையது. அந்தின் கூடு வலை மாதிரி இருக்கும், உள்ளே இருப்பது தெரியும். நல்ல பூச்சிகளையும் குளவிக் கூடுகளையும் தொடாதீர்கள்.

அப்படியானால் என்னதான் செய்வது? நாலு பாத்திக்குக் கைதான் முதல் மருந்து. முட்டையையும் புழுவையும் வாரத்தில் இரண்டு தடவை பொறுக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும். அழுக்கணவனுக்கு ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவச் சவர்க்காரம் கலந்து, மாலையில் இலையின் அடியில் படும்படி தெளியுங்கள். உடுப்புத் துவைக்கும் தூள் வேண்டாம், இலை கருகும். முதலில் ஒரு இலையில் தெளித்து, அடுத்த நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். மஞ்சள் பிளாஸ்டிக் மூடியில் கிறீஸ் பூசிக் குச்சியில் நட்டால் இலைச்சுரங்க ஈயும் வெள்ளை ஈயும் வந்து ஒட்டும்.

கோவா வெட்டியதும் அடிக்கட்டையைப் பிடுங்குங்கள். பக்கக் கிளையில் இன்னும் இரண்டு குட்டிக் கோவா கிடைக்கும் என்று விட்டுவைப்பவர்கள் உண்டு. அந்துக்கு அதுதான் வீடு. அடுத்த போகத்துக்கு அதே பாத்தியில் நோக்கோலோ முள்ளங்கியோ போடாமல் போஞ்சி, கரட், லீக்ஸ் என்று மாற்றுங்கள்.

புகையிலை ஊறவைத்த தண்ணீர் அடிக்கலாமா? இயற்கையானது என்றாலும் அது நஞ்சு. சிறுபிள்ளைகள் ஓடித் திரியும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

தோட்டத்து மருந்து மிச்சம் இருக்கிறதே என்கிறீர்களா? களைகொல்லியாக இருந்தால் உங்கள் மரக்கறியையே எரித்துவிடும். பூச்சி மருந்தாக இருந்தாலும் அதன் அளவு தேயிலைக்கானது, கோவாவுக்கானது அல்ல. வேறு வழியில்லாமல் கடையில் வாங்கினால், உங்கள் பயிரின் பெயர் லேபலில் இருக்கிறதா என்று பாருங்கள். அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்றும் அதில் போட்டிருக்கும். அந்த நாள் முடியும்வரை ஒரு இலைகூடச் சட்டிக்குப் போகக் கூடாது. காலி மருந்து டின்னில் தண்ணீர் பிடிக்க வேண்டாம். மிச்ச மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கவும் வேண்டாம். பிள்ளை எடுத்துக் குடித்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் பூச்சி எதுவென்று பிடிபடவில்லையா? பூச்சியையும் சேதமான இலையையும் ஒரு போத்தலில் போட்டு மூடி, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம்.