மிக்சர் ஷவரும் குழாய் அழுத்தமும்

சுடுநீரும் குளிர்நீரும் ஒரே கைப்பிடியில் கலந்து வரும் மிக்சர் ஷவர் ஒழுங்காக இயங்க வேண்டுமானால், தண்ணீர் போதிய விசையோடு வர வேண்டும். இரு குழாய்களிலும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கவும் வேண்டும். தமிழ்நாட்டு வீடுகளில் விசைதான் தலைவலி. மொட்டைமாடித் தொட்டி ஷவருக்கு 3 மீட்டர் மேலே இருந்தால் சதுர அங்குலத்துக்கு 4 பவுண்டு, அதாவது 4 பிஎஸ்ஐ அளவுக்குத்தான் அழுத்தம் கிடைக்கும். அமெரிக்காவில் தெருக்குழாயின் அழுத்தமே நேராக வீட்டுக்குள் வருகிறது. 40 முதல் 80 பிஎஸ்ஐ வரை சாதாரணம். அங்கே தொல்லை பெரும்பாலும் மிகுதியாலும் ஏற்றத்தாழ்வாலும் வருவது.

வால்வு வாங்குவதற்கு முன் அழுத்தத்தை அளந்துவிடுவது நல்லது. தோட்டக் குழாயில் திருகிவிடும் அழுத்தமானி எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். வீட்டில் வேறெங்கும் தண்ணீர் ஓடாதபோது அது காட்டும் எண்ணே கணக்கு. 80-ஐத் தாண்டினால் அழுத்தக் குறைப்பு வால்வு பொருத்த வேண்டும் என்பது அமெரிக்கப் பிளம்பிங் விதி. கலிஃபோர்னியாவின் மேடுபள்ளமான சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் இது அடிக்கடி தேவைப்படும். நூறு அடி இறங்கினால் 43 பிஎஸ்ஐ கூடும் என்பதால், ஓக்லாந்து, பெர்க்கிலி பகுதிகளுக்குத் தண்ணீர் தரும் ஈபிமட் நிறுவனம் தன் பரப்பை நூற்றுக்கும் மேற்பட்ட அழுத்த மண்டலங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரே தெருவின் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் கூட அழுத்தம் மாறலாம். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் எண்ணை நம்பி வால்வு வாங்கக் கூடாது. குறைப்பு வால்வு வந்த பிறகு, ஹீட்டரில் சூடாகி விரியும் நீர் தெருவுக்குத் திரும்ப வழியில்லாமல் போகலாம். அதைத் தாங்க ஹீட்டர் அருகே ஒரு விரிவுத் தொட்டியும் வேண்டும்.

ஏற்றத்தாழ்வுதான் ஆபத்தானது. ஒருவர் குளிக்கும்போது இன்னொருவர் கழிவறை ஃபிளஷை அழுத்தினால் குளிர்நீர்க் குழாயில் அழுத்தம் சட்டென்று விழும். ஷவரில் சுடுநீர் மேலோங்கி உடம்பைச் சுடும். பழைய இரட்டைக் கைப்பிடி ஷவர்களில் இது வாடிக்கை. இன்றைய விதிகள் ஏற்கும் வால்வுகளில் இரண்டு வகைகள் முக்கியமானவை. அழுத்தச் சமநிலை வால்வில் ஒரு சிறு உருளை இரு பக்கமும் நகரும். குளிர்நீர் குறைந்தால் அதே அளவுக்குச் சுடுநீரையும் அடைக்கும். வெப்பநிலை மாறாது, ஆனால் தண்ணீர் குறைந்து வரும். தெர்மோஸ்டாட் வால்வு அழுத்தத்தைப் பார்ப்பதில்லை. உள்ளேயிருக்கும் மெழுகுக் குமிழ் வெப்பத்துக்கேற்ப விரிந்து சுருங்கிக் கலவையைத் திருத்தும். விலை அதிகம், ஆனால் ஹீட்டர் வெப்பமே ஏறி இறங்கும் வீட்டில் அதுதான் உதவும். எந்த வகையானாலும் 120 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 49 செல்சியஸுக்கு மேல் போகாதபடி தடுப்பு வைக்க வேண்டும்.

பலரும் கோட்டைவிடும் இடம் ஷவர் தலை. 1994 முதல் கூட்டாட்சி வரம்பு நிமிடத்துக்கு 2.5 கேலன், கலிஃபோர்னியாவில் 2018 ஜூலை முதல் 1.8 கேலன், சுமார் 6.8 லிட்டர். 2.5 கேலனுக்கென்றே செய்த பழைய வால்வோடு ஓட்டம் குறைந்த புதிய தலையை இணைத்தால், அத்தனை குறைந்த ஓட்டத்தில் சமநிலை உருளை சரியாக நகராது. சூட்டுப் பாதுகாப்பு போய்விடும். எந்தக் குறைந்தபட்ச ஓட்டத்துக்கு வால்வு சோதிக்கப்பட்டது என்பதை அதன் விவரத்தாளில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு. நியூ ஜெர்சியின் பழைய வீடுகளில் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள் உட்புறம் துருவேறிக் குறுகியிருக்கும். குழாய் மூடியிருக்கையில் அழுத்தமானி 60 காட்டும். ஷவரைத் திறந்தால் தண்ணீர் நூலாக இறங்கும். அங்கே மாற்ற வேண்டியது குழாயை, வால்வை அல்ல. சான் அன்டோனியோ போன்ற கடினநீர் ஊர்களில் குற்றவாளி சுண்ணாம்புப் படிவு. ஷவர் தலையையும் வால்வுக்குள் இருக்கும் காட்ரிட்ஜையும் கழற்றிச் சுத்தம் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும். டெக்சாஸ் விதிப்படி நீர் வழங்குவோர் சாதாரண நாளில் 35 பிஎஸ்ஐயாவது காக்க வேண்டும். 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் ஹியூஸ்டன், ஆஸ்டின் நகரங்களில் அந்த அழுத்தமே விழுந்து, தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி அறிவிப்பு வந்தது.

தொட்டிக் குளியலுக்கும் ஷவருக்கும் ஒரே வால்வு என்றால், வால்விலிருந்து கீழ்க்குழாய்க்குப் போகும் துண்டைச் செம்பில் போடுவது நல்லது. அரை அங்குல பெக்ஸ் பிளாஸ்டிக் குழாயின் உள்விட்டம் சிறியது. கீழே போக வேண்டிய தண்ணீர் தடைபட்டு மேலேறி ஷவரிலும் சொட்டும். சுவரை மூடி டைல் ஒட்டிய பிறகு இதைத் திருத்துவது பெருஞ்செலவு.

நியூ ஜெர்சியில் ஜனவரி மாதக் குழாய்நீர் கோடைநீரைவிட வெகுவாகக் குளிர்ந்திருக்கும். கோடையில் வைத்த சூட்டுத் தடுப்பு அப்போது வெதுவெதுப்பைத்தான் தரும். சமநிலை வால்வு உள்ள வீடுகளில் கைப்பிடியைக் கழற்றி, தடுப்பை ஓரிரு பல் நகர்த்தி, வெப்பமானியால் மறுபடி சோதிக்க வேண்டியிருக்கும்.