இணையத் தடைப்பட்டியல்களில் உள்ளடக்க வகைமைகளை வரையறுத்தல்

முன்னுரை

பள்ளி, நூலகம், அலுவலகம் முதலிய இடங்களில் இணையப் பயன்பாட்டை நெறிப்படுத்த வடிகட்டி மென்பொருள்கள் பயன்படுகின்றன. பாலியல், சூதாட்டம், போதைப்பொருள் என இணையதளங்களை வகைப்படுத்திய தடைப்பட்டியல்களைக் கொண்டு இவற்றுட் பல இயங்குகின்றன. நிருவாகி ஒரு வகைமையைத் தெரிவு செய்தவுடன் அதிலடங்கிய தளங்கள் அனைத்தும் ஒருசேர மறைகின்றன. ஆதலின், வகைமையின் எல்லையை வரையறுப்பது தொழில்நுட்பப் பணி மட்டுமன்று. வாசகர் எதனைப் படிக்கலாம் என்பதை முடிவுசெய்யும் பணியும் ஆகும்.

சட்ட வரையறையும் வணிக வகைமையும்

அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு இயற்றப்பட்ட குழந்தைகள் இணையப் பாதுகாப்புச் சட்டம், இணைய வசதிக்காகக் கூட்டரசின் உதவி பெறும் பள்ளிகளும் நூலகங்களும் வடிகட்டியை நிறுவ வேண்டும் என்கிறது. ஆபாசமானவை, குழந்தைகளைப் பாலியல் நோக்கில் காட்டுபவை, சிறார்க்குத் தீங்கானவை என்னும் மூவகைக் காட்சிகளே இச்சட்டம் தடுக்கக் கூறுபவை. எழுத்து வடிவிலான செய்திகள் இதில் அடங்கா. சிறார்க்குத் தக்க இலக்கிய, கலை, அரசியல், அறிவியல் மதிப்புடைய காட்சிகள் மூன்றாம் வகையில் சேரா. வணிக வடிகட்டிகளின் வகைமைகளோ பெரும்பாலும் தளத்தின் பொருளை நோக்குவன. அதன் மதிப்பை நோக்குவன அல்ல. 2003இல் உச்ச நீதிமன்றம் இச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. வயதுவந்த வாசகர் கேட்டால் தடையை எளிதில் நீக்கலாம் என்பதும் அத்தீர்ப்பில் கருதப்பட்டது.

வகைமை விரிவின் விளைவு

கைசர் குடும்ப அறக்கட்டளை 2002இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்துக் கருதத்தக்கது. மிகக் குறைந்த கட்டுப்பாட்டில் வடிகட்டிகள் சராசரியாக ஆபாசத் தளங்களில் 87 விழுக்காட்டையும் உடல்நலத் தளங்களில் 1.4 விழுக்காட்டையும் தடுத்தன. பல வகைமைகளையும் சேர்த்துத் தடுக்கும் மிகுந்த கட்டுப்பாட்டில் இவ்வளவுகள் முறையே 91, 24 விழுக்காடாயின. அதாவது, ஆபாசத் தடுப்பில் கிடைத்த கூடுதல் பயன் 4 புள்ளிகளே; உடல்நலச் செய்தியில் ஏற்பட்ட இழப்போ ஏறத்தாழ 17 மடங்காகப் பெருகியது.

வரையறையின் கூறுகள்

பிரான்சின் துலூஸ் பல்கலைக்கழகம் பேணிவரும் தடைப்பட்டியல், பாலியல் கல்வித் தளங்களை வயதுவந்தோர் தளங்களினின்று பிரித்துத் தனி வகைமையாக வைத்துள்ளது. இப்பிரிப்பினால் நிருவாகி ஒன்றைத் தடுத்து மற்றொன்றைத் திறந்துவைக்க இயல்கிறது. இப்பட்டியல் முழுத்தளங்களின் பெயர்களையும் தனிப்பக்க முகவரிகளையும் வேறுவேறு கோப்புகளில் தருகிறது. ஆகவே ஒரு பக்கத்தின் பொருட்டுத் தளம் முழுவதையும் மறைக்க வேண்டியதில்லை.

இவற்றால் நல்ல வரையறைக்கு நான்கு கூறுகள் இன்றியமையாதன எனலாம். அவை, வகைமையுள் அடங்குவன, அடங்காதன, தடைக்குரிய அலகு தளமா பக்கமா என்பது, தவறான சேர்க்கையைத் திருத்தும் வழி என்பனவாகும்.

முடிவுரை

வகைமையின் பெயர் அதன் எல்லையைத் தெரிவிப்பதில்லை. அடங்குவனவற்றை மட்டும் கூறி அடங்காதனவற்றைக் கூறாத வரையறை, நோயைப் பற்றி அறிய விழையும் மாணவரையும் ஆபாசம் தேடுவோரையும் ஒரே கதவால் தடுத்துவிடுகிறது. ஆதலின், விலக்குகளை எழுதிவைப்பதே வகைமை வரையறையின் முதற்பணி எனக் கொள்ளலாம்.