புற்றுநோய் உயிரணுக்களின் கூட்டுப் பயணம்

புற்றுநோயினால் நேரும் மரணங்களுள் பெரும்பாலானவற்றிற்கு முதன்முதலில் தோன்றிய கட்டி காரணமன்று. அக்கட்டியிலிருந்து புறப்பட்ட உயிரணுக்கள் நுரையீரல், கல்லீரல், எலும்பு முதலிய உறுப்புகளில் குடியேறி வளர்வதே காரணமாகும். ஆகவே அவ்வுயிரணுக்கள் எவ்வாறு இடம் பெயர்கின்றன என்பது மருத்துவத்தின் முக்கியமான வினாக்களுள் ஒன்று.

நெடுங்காலம் வரை உயிரணுக்கள் தட்டையான கண்ணங்களில் வளர்த்தே ஆராயப்பட்டன. உடலினுள் அத்தகைய சமதளம் இல்லை. திசு நீளம், அகலம், ஆழம் மூன்றும் உடையது. கொலாஜன் என்னும் புரத இழைகள் அதில் வலைபோற் பின்னிக் கிடக்கின்றன. எனவே விஞ்ஞானிகள் கட்டியின் சிறு துணுக்குகளைக் கொலாஜன் கூழினுள் பதித்து, உருப்பெருக்கியின் வாயிலாகக் கவனிக்கலாயினர். தனித்துச் செல்லும் உயிரணுக்கள் உண்டெனினும், மார்பகப் புற்றுநோய் போன்றவற்றில் பல உயிரணுக்கள் ஒன்றையொன்று பற்றியவாறே, விரல்போல் நீண்டு, கூட்டமாக முன்னேறுவது புலனாயிற்று.

புதர் மண்டிய நிலத்தில் முன்செல்வோர் வழி வெட்ட, பின்வருவோர் அவ்வழியே நடப்பதுபோன்றது இது. முனையிலுள்ள உயிரணுக்கள் இழைகளைப் பற்றி இழுக்கின்றன. என்சைம்களால் அவற்றை அறுக்கவும் செய்கின்றன. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், மார்பகக் கட்டிகளில் இம்முன்னோடிகள் கெராட்டின்-14 என்னும் புரதத்தை உடையன என்று 2013-இல் வெளியிட்டனர். அப்புரதம் உண்டாகாதவாறு தடுத்தபோது கூட்டத்தின் முன்னேற்றமும் தடைப்பட்டது. இது ஆய்வுக்கூடத்தில் கண்ட முடிவேயன்றி, சிகிச்சை முறையன்று.

இரத்தத்திலும் இவ்வொற்றுமை நீடிப்பதுண்டு. சேர்ந்தே மிதந்து செல்லும் உயிரணுக் கொத்துகள், தனித்த உயிரணுக்களைவிட 23 முதல் 50 மடங்கு அதிகமாகப் புதுக்கட்டிகளை உண்டாக்கும் ஆற்றலுடையன என்று, எலிகளில் நடத்திய சோதனைகளைக் கொண்டு மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையின் ஆராய்ச்சியாளர்கள் 2014-இல் அறிவித்தனர்.

களப்பணியாளரும் ஆசிரியரும் இதிலிருந்து கொள்ளத்தக்க பாடம் ஒன்றுண்டு. இப்பயணம் கண்ணுக்குப் புலப்படாதது. பெரும்பாலும் வலியும் இராது. மார்பகத்தில் புதிதாகக் கட்டி காணப்பட்டால், வலியில்லை என்று வாளாவிருத்தல் தகாது. எல்லாக் கட்டிகளும் புற்றுநோயல்ல. எனினும் எதனையும் மருத்துவரே சோதித்துச் சொல்லுதல் வேண்டும். கூட்டம் புறப்படுமுன் கட்டியை அகற்றுவது எளிது. பரவிய பின்னரோ குணப்படுத்துவது அரிது. இதனை மக்களுக்கு அச்சமூட்டாது எடுத்துரைத்தல் அவர்தம் கடமையாகும்.