‘சிஸ்வே பான்சி இறந்துவிட்டான்’ நாடகத்தில் இனஒதுக்கல், நட்பு, குறியீடு: திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதி நோக்கில் ஒரு வாசிப்பு

முன்னுரை

தென்னாப்பிரிக்காவின் இனஒதுக்கல் ஆட்சியைப் பொருளாகக் கொண்ட நாடகங்களுள் ‘சிஸ்வே பான்சி இறந்துவிட்டான்’ குறிப்பிடத்தக்கது. அத்தோல் ஃபுகார்டு, ஜான் கனி, வின்ஸ்டன் நிட்ஷோனா ஆகிய மூவரும் இணைந்து உருவாக்கிய இந்நாடகம் 1972இல் கேப்டவுனில் முதன்முதலாக மேடையேறியது. இதன் தொடக்கக் காட்சி போர்ட் எலிசபெத் நகரின் ஃபோர்டு மகிழுந்து ஆலையைப் பற்றியது. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதலும் ஒரகடத்தில் 2010 முதலும் மகிழுந்துகள் உற்பத்தியாகின்றன. அருகிலுள்ள மறைமலை நகரில் அதே ஃபோர்டு நிறுவனமும் 2022 வரை மகிழுந்து உற்பத்தி செய்தது. ஆகவே இப்பகுதி மாணவர்க்கு நாடகத்தின் களம் அயலானதன்று. எனினும் களத்தின் ஒப்புமை கொண்டு பொருளின் ஒப்புமையை முடிவு செய்தல் பொருந்துமா என்பதே இக்கட்டுரை ஆராயும் வினாவாகும்.

அனுமதிச் சீட்டும் மனிதனும்

1952ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதினாறு வயது நிரம்பிய கருப்பின மக்கள் அடையாள எண்ணும் நிழற்படமும் கொண்ட அனுமதி நூலை எப்போதும் உடன் வைத்திருத்தல் வேண்டும். எந்நகரில் தங்கலாம், எவரிடம் வேலை செய்யலாம் என்பதை அந்நூலில் இடப்படும் முத்திரையே முடிவு செய்தது. இம்முறையை எதிர்த்து 1960 மார்ச் 21இல் ஷார்ப்வில்லில் கூடியோர்மீது காவலர் சுட்டதில் 69 பேர் இறந்தனர். 1986இல்தான் இச்சட்டங்கள் நீக்கப்பட்டன.

இவ்வடக்குமுறையின் முன்வடிவத்தைத் தமிழரும் அறிந்திருந்தனர். டிரான்சுவாலில் ஆசியர்மீது சுமத்தப்பட்ட பதிவுச் சான்றுகளைக் காந்தியடிகளின் தலைமையில் 1908 ஆகஸ்டு 16இல் ஜோகன்னஸ்பர்க்கில் திரண்டோர் தீயிட்டனர். அப்போராட்டத் தொடர்ச்சியில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை 1914இல் உயிர்நீத்தார்.

நாடகத்தில் சிஸ்வே வேலை தேடிப் போர்ட் எலிசபெத் வருகிறான். அவன் நகரை விட்டு வெளியேற வேண்டும் என்னும் முத்திரை அவனது நூலில் விழுகிறது. இரவில் நண்பன் புன்டுவுடன் செல்லும்போது ஒருவன் இறந்து கிடப்பதைக் காண்கிறான். இறந்தவனின் நூலில் நகரில் வேலை செய்வதற்கான உரிமை இருக்கிறது. இரு நூல்களின் நிழற்படங்களையும் புன்டு மாற்றி ஒட்டுகிறான். அதனால் சிஸ்வே பான்சி ‘இறக்கிறான்’. ராபர்ட் என்னும் பெயரில் உயிருள்ளவன் வாழத் தொடங்குகிறான்.

குறியீடுகள்

நாடகத்தின் மையக் குறியீடு நிழற்படம். அது இரு வேறு இடங்களில் இரு வேறு பொருள் தருகிறது. அனுமதி நூலில் அது அரசு மனிதனை எண்ணாகக் காணும் கருவி. ஸ்டைல்ஸ் நடத்தும் படப்பிடிப்பு நிலையத்திலோ அது மனிதன் தன்னைத் தான் விரும்பியவாறு காணும் கண்ணாடி. நகரக் காட்சி தீட்டிய திரைமுன் புகையும் சிரிப்புமாக நிற்கும் சிஸ்வேயின் படம் ஊரிலிருக்கும் மனைவிக்கு அனுப்பப்பட வேண்டியது. ஒரே பொருள் ஒடுக்குமுறைக்கும் கனவுக்கும் உரியதாக நிற்பதே இக்குறியீட்டின் வலிமை. அரசின் நூலை ஏமாற்றவும் ஒரு நிழற்படமே பயன்படுகிறது என்பது கருதத்தக்கது.

ஆலைக் காட்சி நகைச்சுவை வழியாக இயங்குகிறது. அமெரிக்காவிலிருந்து நிறுவனத் தலைவர் வரவிருப்பதால் ஆலை கழுவப்படுகிறது. தொழிலாளர்க்குப் புதிய சீருடை தரப்படுகிறது. வெள்ளை மேற்பார்வையாளரின் கட்டளையை மொழிபெயர்க்கும் ஸ்டைல்ஸ் அவர் அறியாத மொழியில் அவரையே எள்ளி நகையாடுகிறான். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகையின் நிலைக்களன்களுள் எள்ளலையும் வைத்திருப்பது இங்கு நினைக்கத்தக்கது. வந்த தலைவர் சில அடிகள் நடந்து திரும்பிவிடுகிறார். இழந்த நேரத்தை ஈடுகட்ட உற்பத்தி விரைவுபடுத்தப்படுகிறது. எள்ளல் மனத்தைக் காக்கிறது. வேலையின் சுமையைக் குறைக்கவில்லை.

நட்பின் விலை

புன்டுவின் நட்பு ஆறுதல் மொழியோடு நிற்பதன்று. அடையாள எண்ணை நண்பன் மனப்பாடம் செய்யும்வரை திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கும் நட்பு அது. ஆனால் இந்நட்புக்கு ஒரு விலை உண்டு. இறந்தவனை அவன் வீட்டில் சேர்க்க வேண்டும் என முதலில் வற்புறுத்தியவன் சிஸ்வேயே. நூல் கைமாறிய பின் அவ்வில்லத்தார் தம் மகனைப் பற்றி அறிய வழியில்லை. உயிருள்ள ஒருவனைக் காப்பதற்காக இறந்த ஒருவன் பெயரின்றித் தெருவில் விடப்படுகிறான். கைரேகை என்றேனும் காட்டிக்கொடுக்கும் என்பதையும் இருவரும் அறிவர். நண்பரிடையே கூட அறத்தைப் பங்கிட்டுக் கொள்ள முடியாத நிலையை ஒரு சட்டம் உண்டாக்குகிறது என்பதே நாடகத்தின் கடுமையான குற்றச்சாட்டு.

நாடகத்தை உருவாக்கியோரின் வாழ்விலும் இது நிகழ்ந்தது. கருப்பினத்தார்க்குக் ‘கலைஞர்’ என்னும் வேலைவகை சட்டத்தில் இல்லாமையால், கனியும் நிட்ஷோனாவும் வெள்ளையரான ஃபுகார்டின் வீட்டுப் பணியாளராகப் பதிவு பெற்றே நடித்தனர். தோழமையும் எசமான்–பணியாள் என்னும் வேடம் புனைய வேண்டியிருந்தது. 1975இல் அவ்விருவர்க்கும் நியூயார்க்கில் டோனி விருது கிடைத்தது. 1976இல் டிரான்ஸ்கையில் இந்நாடகத்தை நடித்தபின் அவர்கள் கைது செய்யப்பட்டனர்.

ஒப்பீட்டின் எல்லை

கழுத்தில் அடையாள அட்டை தொங்கப் பணிமுறைப் பேருந்துக்குக் காத்திருக்கும் ஒரகடத் தொழிலாளரைச் சிஸ்வேயாகக் காண்பது எளிது. நிரந்தரப் பணியாளர், பயிற்சியாளர், ஒப்பந்தத் தொழிலாளர் என்னும் பாகுபாடு இங்கு உண்டு. வடமாநிலத் தொழிலாளரின் மொழித் தனிமையும் உண்டு. ஆயினும் இவை ஒப்பந்தத்தால் அமைந்தவை, பிறப்பால் விதிக்கப்பட்டவையல்ல. ஆலை அட்டையை இழந்தவன் வேலையை இழக்கிறான். நகரில் நடமாடும் உரிமையை இழப்பதில்லை.

பிறப்பு வழிப்பட்ட ஒதுக்கலுக்கு இணை தேடின் சாதியையே நோக்க வேண்டும். திருப்பெரும்புதூரில் பிறந்த இராமானுசரின் வாழ்வில் அதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. அவர் பெரிதும் மதித்த திருக்கச்சி நம்பி வீட்டில் உண்டு சென்றபின், அவ்விடத்தை அவர் மனைவி தூய்மை செய்து நீராடியதாகக் குருபரம்பரை நூல்கள் கூறும். அதனால் இராமானுசர் மனம் நொந்தார். அங்கும் நட்பு ஒரு வீட்டின் தரையில் சோதிக்கப்படுகிறது.

ஆனால் இரண்டுக்கும் அடிப்படை வேறுபாடு ஒன்றுண்டு. தென்னாப்பிரிக்காவில் சட்டம் ஒதுக்கலை உண்டாக்கியது. இந்தியாவில் அரசமைப்பின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. வழக்கம் அதனைக் காத்து வருகிறது. எனவே புன்டுவின் உத்தி இங்குப் பயன்படாது. அங்கு அரசு எண்ணை மட்டுமே கண்டதால் எண்ணை மாற்றித் தப்ப முடிந்தது. இங்கு வாடகைக்கு அறை தேடுவோரிடம் ஊரும் தெருவும் வினவப்படுகின்றன. மாற்றி ஒட்டுவதற்கு நூல் எதுவும் இல்லை.

முடிவுரை

ஆலை என்னும் களம் இந்நாடகத்தை இப்பகுதி மாணவர்க்கு அணுக்கமாக்குகிறது. எனினும் அதன் உண்மைப் பயன் ஒற்றுமையினும் வேற்றுமையைக் காண்பதில் மிகுதியாக உள்ளது. எழுதப்பட்ட விலங்கை ஒருநாள் நீக்கிவிடலாம் என்பதற்கு 1986 சான்று. எழுதப்படாத விலங்கை முதலில் பெயரிட்டுக் காட்ட வேண்டியுள்ளது. அப்பணிக்கு இந்நாடகம் வகுப்பறையில் துணைநிற்கும்.