கம்போங் மேடானில் அங்சானா: அன்றும் இன்றும்

பெட்டாலிங் ஜெயா ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். 1952இல், அவசரகாலத்தின் நடுவே, கோலாலம்பூர்ப் புறம்போக்குவாசிகளைக் குடியேற்ற எஃபிங்ஹாம் தோட்டத்தின் சுமார் 1,200 ஏக்கரில் பால்மரங்களைச் சாய்த்து இந்த ஊரை எழுப்பினார்கள். வீடும் சாலையும் வந்த பிறகு, நிழல் வேண்டுமே என்று சாலையோரம் நட்ட மரங்களில் ஒன்று அங்சானா.

பால்மரத்தைப் பற்றி மலேசியத் தமிழர்களான நம்மவர்கள் கதை எழுதினார்கள், பாட்டுக் கட்டினார்கள். அது பிரேசிலிலிருந்து வந்த மரம். அங்சானாவோ இந்த மண்ணிலேயே பிறந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் ஆட்கள் பெட்டாலிங் ஜெயாவின் கம்போங் மேடான், கம்போங் காந்தி, கம்போங் லிண்டுங்கான் பக்கம் குடியேறியபோது நிழல் கொடுத்தவற்றுள் அதுவும் உண்டு. ஆனாலும் அதன் பெயர்கூட நம்மில் பலருக்குத் தெரியாது. "மஞ்சப்பூ மரம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஆற்றங்கரையிலிருந்து சாலையோரத்துக்கு

அங்சானாவுக்கு சேனா என்றும் மலாயில் பெயர் உண்டு. கெடாவில் போக்கோக் சேனா என்று ஓர் ஊரே இருக்கிறது. தெற்கு மியன்மாரில் தொடங்கி மலாய்த் தீபகற்பம், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் வழியாகப் பசிபிக் தீவுகள் வரை இது இயற்கையாக வளர்ந்தது. ஆற்றங்கரையும் கடலோரமும் அதற்குப் பிடித்த இடங்கள். பிலிப்பைன்ஸில் இதை நார்ரா என்பார்கள். 1934 முதல் அந்த நாட்டின் தேசிய மரம் அதுதான்.

நமக்கும் இது அந்நியம் இல்லை. குறிஞ்சி நிலப் பாடல்களில் வரும் வேங்கை மரத்துக்கு உடன்பிறப்பு இது. செஞ்சந்தனமும் அதே குடும்பம். வேங்கை மலர்ந்தால் தினை முற்றிவிட்டது என்று கணக்கு வைத்தார்கள் மலைமக்கள். வேங்கையின் பட்டையைக் கீறினால் சிவப்புப் பிசின் கசியும். அதைக் காய்ச்சிக் குழந்தைக்குப் பொட்டு வைப்பது தமிழ்நாட்டில் இன்றும் வழக்கம். அங்சானாவின் பட்டையிலும் அப்படியே பிசின் கசியும். சாலையோர மரத்தில் யாராவது ஆணி அடித்து 'உடனடிக் கடன்' விளம்பர அட்டையை மாட்டியிருப்பார்கள். ஆணிக்குக் கீழே ரத்தம் உறைந்தாற்போல ஒரு கோடு இறங்கியிருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியும், அது மரத்தின் பிசின்.

சர்க்கரை நோய்க்காரர்களுக்கு வேங்கைக் குவளையில் தண்ணீர் ஊற்றிவைத்துக் குடிக்கக் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிலிப்பைன்ஸில் நார்ராவைக் குடைந்தும் இப்படிக் குவளை செய்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீரை வெளிச்சத்தில் பிடித்தால் நீலமாக மினுங்கும். சில நூற்றாண்டுகளுக்கு முன் ஐரோப்பிய அறிஞர்களை அசத்திய வேடிக்கை அது.

வெள்ளைக்காரர்கள் மலாக்காவிலும் பினாங்கிலும் இதைச் சாலை மரமாக்கினார்கள். காரணம் எளிது. கன்று வளரும்வரை காத்திருக்க வேண்டாம். முருங்கைப் போத்து நடுவது போலக் கை கனத்துக் கிளையொன்றை வெட்டி மண்ணில் ஊன்றினால் போதும். வேர் விட்டுத் துளிர்த்துவிடும். சிங்கப்பூர் தன்னைப் பசுமை நகரமாக்கப் புறப்பட்ட 1960களிலும் 70களிலும் இந்த வழியைத்தான் பிடித்துக்கொண்டது. கிள்ளான் பள்ளத்தாக்கிலும் அங்சானா பரவியது. இது அவரை இனத்து மரம். வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை இழுத்துக் கொடுப்பதால், சத்துக் குறைந்த மண்ணிலும் தாக்குப்பிடிக்கும்.

மழை பார்த்துப் பூக்கும் மரம்

அங்சானா பூக்கும் விதமே தனி. மொட்டுகள் ஓரளவு வளர்ந்து அப்படியே நின்றுவிடும். வெயில் கொளுத்திய பிறகு ஒரு நல்ல மழை கொட்டி, சூடு சட்டென்று இறங்கினால், அடுத்த சில நாளில் ஒரு வட்டாரத்து மரங்கள் சேர்ந்தாற்போல மலரும். காலையில் மரம் முழுக்க மஞ்சள், வாசனை தெருமுனை வரை வரும், தேனீக்கள் மொய்க்கும். மறுநாள் காலை அத்தனை பூவும் தரையில். காரின் முன்கண்ணாடியில், மோட்டார் சைக்கிள் இருக்கையில், ஒட்டுக்கடைக் கூரைத் துணியில், கால்வாய் ஓரத்தில், எங்கும் மஞ்சள் இதழ்தான். கூட்டிப் பெருக்குகிறவருக்கு இரட்டை வேலை.

பிறகு காய் வரும். உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டமான தட்டை, நடுவில் விதைப் பை, சுற்றிலும் மெல்லிய இறக்கை. வெடிக்காது. காற்றில் சுழன்று இறங்கும். நீரில் விழுந்தால் மிதந்து போகும். ஆற்றங்கரை மரத்துக்கு இந்த ஏற்பாடு பொருத்தம். தார்ச் சாலையில் விழுந்தால்தான் அதற்குப் போக்கிடம் இல்லை.

வயதான மரம் ஒன்றின் கிளைக் கவட்டைகளைப் பாருங்கள். பறவைக்கூட்டுப் பெரணி கூடை போல அமர்ந்திருக்கும். பட்டையோரம் புறா ஆர்க்கிட் தொங்கும். அதுவும் மழைக் கணக்குதான்: பெருமழையில் சூடு குறைந்த ஒன்பதாம் நாள் வட்டாரம் முழுக்க ஒரே நாளில் வெள்ளையாகப் பூத்து, அன்றே வாடும். மேலே மைனாவும் காக்கையும் சண்டை போடும். இந்தக் காக்கையும் நம்மைப் போலக் கப்பலேறி வந்ததுதான். கிள்ளான் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் புழுக்களை ஒழிக்க, 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிலோனிலிருந்து கொண்டுவந்தார்கள்.

பலகை வீடும் மர நிழலும்

1950களின் கடைசியிலும் 60களிலும் நடந்த தோட்டத் துண்டாடல் நம் குடும்பங்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. பெரிய தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது லயத்து வீடும் வேலையும் ஒரே நாளில் போயின. வழி தெரியாமல் பலர் கோலாலம்பூரின் ஓரங்களுக்கு வந்தார்கள். பழைய கிள்ளான் சாலைக்கு அருகே கிடந்த புறம்போக்கு நிலத்தில் பலகையும் தகரமும் வைத்து வீடு கட்டினார்கள். பிறகு 'ரூமா பாஞ்சாங்' என்னும் நீள்வீடுகள் வந்தன.

தகரக் கூரைக்குக் கீழே பகலில் இருக்க முடியாது. அதனால் வாழ்க்கையே மரத்தடிக்கு வந்தது. கேரம் பலகை, காய்கறி வண்டி, தலைமுடி திருத்துகிறவரின் நாற்காலி, முனீஸ்வரருக்கு ஒரு சூலம், சாயங்காலம் அரசியல் பேச ஒரு பெஞ்சு, எல்லாம் நிழல் பார்த்துத்தான் வந்து சேர்ந்தன. அந்த மரம் எந்த இனம் என்று யாரும் கேட்கவில்லை. நிழல் இருந்தது, அதுவே போதும்.

அடுக்குமாடியும் கார் நிறுத்தமும்

2001 மார்ச்சில் கம்போங் மேடான் வட்டாரத்தில் வெடித்த கலவரத்தில் ஆறு உயிர்கள் போயின. நெருக்கடியும் வறுமையும் எப்படி மூண்டெழும் என்பதை நாடே பார்த்தது. 2005க்குள் புறம்போக்குக் குடியிருப்பே இருக்கக்கூடாது என்று சிலாங்கூர் அரசு இலக்கு வைத்தது. பலகை வீடுகள் போயின. தேசா மெந்தாரி போன்ற அடுக்குமாடிகளுக்குக் குடும்பங்கள் மாறின. குழாயில் தண்ணீர், நிரந்தர முகவரி, பிள்ளைக்குப் படிக்க மேசை எல்லாம் கிடைத்தன. அது முன்னேற்றம்தான், மறுக்க முடியாது.

ஆனால் மரத்துக்கு இடம் சுருங்கியது. ஓர் அடுக்குமாடியில் எத்தனை வீடோ, ஏறக்குறைய அத்தனை கார் கீழே நிற்க வேண்டியிருக்கிறது. அடிமரத்தை ஒட்டி சிமெண்டு பூசினார்கள். கேபிள் புதைக்கவும் கால்வாயை அகலப்படுத்தவும் ஒரு பக்கத்து வேரை வெட்டினார்கள். மின்கம்பிக்காக மறுபக்கத்துக் கிளையை மொட்டையடித்தார்கள். போத்திலிருந்து வளர்ந்த மரத்துக்கு ஆணிவேர் கிடையாது. பக்கவேரையும் வெட்டினால் புயல்காற்றில் அது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

2024 மே 7ஆம் தேதி கோலாலம்பூர் சுல்தான் இஸ்மாயில் சாலையில் பெரிய மரமொன்று வாகனங்கள் மீது சாய்ந்து ஒருவர் உயிரிழந்தார், மோனோரயிலும் நின்றது. அதன்பின் பெரிய மரத்தைக் கண்டாலே ஒரு பயம். நோய்ப்பட்ட மரத்தை வெட்டத்தான் வேண்டும். வேரை வெட்டியது யார் என்று கேட்காமல் மரத்தின் மீது மட்டும் பழி போடுவது நியாயம் இல்லை.

இன்னொரு பாடம் சிங்கப்பூரில் இருக்கிறது. கிளைகளையே ஊன்றி ஊன்றிப் பெருக்கினால் மரங்கள் பலவும் ஒரே தாயின் நகல்களாகிவிடும். நோய் வந்தால் சேர்ந்தே விழும். 1980களில் ஒரு பூஞ்சை வாடல் நோய் அங்கே அங்சானாக்களைக் கொத்துக் கொத்தாகச் சாய்த்தது. அவசரத்துக்கு நட்டால் நிழல் சீக்கிரம் கிடைக்கும். போகும்போதும் சீக்கிரம் போகும்.

தெருவில் சாதாரணம், காட்டில் அபூர்வம்

பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2018இல் அங்சானாவை 'அழியும் ஆபத்தில்' உள்ள இனங்களின் வரிசையில் வைத்தது. மரவேலைக்கு இது அருமையான மரம். அம்போன் தீவின் பெயரால் அம்போய்னா என்று வழங்கும் இதன் முண்டுக்கட்டையின் சுழிக்கோலத்துக்கு ஆசைப்பட்டு, பணக்கார வீட்டுத் தளவாடத்துக்கும் சொகுசுக் காரின் உட்பக்கத்துக்கும் வெட்டிக் குவித்தார்கள். காட்டில் தேடினால்தான் கிடைக்கும் என்ற நிலைக்கு வந்த மரம் பெட்டாலிங் ஜெயா சாலையோரத்தில் நிற்கிறது. நாம் அதில் ஆணி அடிக்கிறோம்.

சட்டம் இருக்கிறது. 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தில் 1995இல் சேர்த்த பிரிவுகளின்படி, சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டிய மரத்தை உள்ளாட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி வெட்டக்கூடாது. உயிருக்கோ உடைமைக்கோ உடனடி ஆபத்து போன்ற சில நிலைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. பெட்டாலிங் ஜெயா மாநகர் மன்றமும் இதற்குக் கட்டுப்பட்டதுதான். சட்டம் காகிதத்தில் கிடந்தால் மரம் பிழைக்காது. அக்கம்பக்கத்தார் கேட்டால்தான் பிழைக்கும்.

அதனால் அடுக்குமாடிச் சங்கங்களுக்கும் கோயில் நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வளாகத்தில் அங்சானா இருந்தால் அடிமரத்தைச் சுற்றி சிமெண்டைப் பெயர்த்து மண் தெரிய விடுங்கள். கம்பி போடுகிறவர் வேரில் கை வைத்தால் அனுமதிக் கடிதம் கேளுங்கள். புதிதாக நடுவதானால் கிளையை ஊன்றாமல், வெவ்வேறு மரங்களின் கீழே கிடக்கும் காய்களைப் பொறுக்கி, விதையிலிருந்து கன்று எழுப்புங்கள். பால்மரம் நமக்குச் சோறு போட்டது, அதை மறக்கவில்லை. அங்சானா நிழல் போட்டது. அதையும் மறக்க வேண்டாம்.